பழைய ரிகர்வ் வில்லுக்கு எந்த நாண்?

கேள்வி இதுதான். மாமா வைத்திருந்த ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்திருக்கும் வகை) ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. 1970களில் செய்தது; மரப் பட்டைகளும் ஃபைபர் கிளாஸும் சேர்த்து ஒட்டிய ஒரே துண்டு வில். லிம்பின் மேல், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதியில், ஏ.எம்.ஓ. (வில் உற்பத்தியாளர் சங்கத்தின் அளவுத் தரம்) 62 அங்குலம், 28 அங்குல இழுப்பில் 45 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. அதிலிருந்த நாண் நைந்து, இரண்டு இழை அறுந்து நிற்கிறது. ஃபாஸ்ட் ஃப்ளைட் நாண் போட்டால் அம்பு வேகமாகப் போகும் என்கிறார் கடைக்காரர். அதைப் போட்டால் வில்லே போய்விடும் என்கிறார் உங்களோடு பயிற்சிக்கு வரும் நண்பர். எந்த நாண், எத்தனை இழை, என்ன நீளம், பழைய முறையில் சணல் நூலில் நாமே திரித்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டேக்ரான் நாண் போடுங்கள். பி-50 அல்லது பி-55 என்ற பெயரில் கிடைக்கும். 14 இழை. நீளம் 58 அங்குலத்தில் தொடங்குங்கள். ஃப்ளெமிஷ் முறையில் திரித்ததாக இருந்தால் இன்னும் நல்லது. அறுந்த இழையோடு தொங்கும் அந்தப் பழைய நாணை இனி ஒரு தடவைகூட ஏற்ற வேண்டாம். இழுத்துப் பிடித்திருக்கும்போது நாண் அறுந்தால், அம்பு இல்லாமல் நாணை விட்டதற்குச் சமம். வில்லுக்குள் சேர்ந்திருக்கும் சக்திக்குப் போக இடமே இருக்காது. ஐம்பது வருடப் பசைக்கு அந்த அதிர்ச்சியைத் தரக் கூடாது.

சரி, ஏன் டேக்ரான்?

நாணை முழுக்க இழுத்துப் பிடிக்கும்போதுதான் அதற்கு அதிக பாரம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாரம் உச்சத்துக்குப் போவது விரலை விட்ட பிறகு. லிம்ப் இரண்டும் முன்னால் பாய்கின்றன. நாண் நேராகும் அந்தக் கணத்தில் அவற்றைப் பிடித்து நிறுத்த நாணைத் தவிர வேறொன்றும் இல்லை. அம்பு எடுத்துக்கொண்டு போனது போக மிச்சமுள்ள சக்தி நாணிலும், நாண் மாட்டியிருக்கும் நுனியிலும், ஒட்டிய பட்டைகளுக்கு இடையிலுள்ள பசையிலும், உங்கள் உள்ளங்கையிலும் இறங்குகிறது. நாண் கொஞ்சம் நீண்டு கொடுத்தால் அந்த நிறுத்தம் மெத்தென்று இருக்கும். நீளவே நீளாத நாண் என்றால் சுத்தியலால் தட்டியது போல இருக்கும்.

டேக்ரான் என்பது பாலியெஸ்டர்தான். உறுதியான பாலியெஸ்டர் இழை அறுவதற்கு முன் 12 முதல் 15 சதவீதம் வரை நீளும். ஃபாஸ்ட் ஃப்ளைட் என்று கடைகளில் பொதுப்பெயராகச் சொல்லப்படுவது டைனீமா, ஸ்பெக்ட்ரா வகை இழைகளை. நம் வீட்டு பிளாஸ்டிக் பை இருக்கிறதே, அதே பாலிஎத்திலீன் குடும்பம். ஆனால் மூலக்கூறுகள் மிக மிக நீளமானவை, எல்லாம் ஒரே திசையில் இழுத்து அடுக்கப்பட்டவை. இவை 3, 4 சதவீதம்தான் நீளும். தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு இலேசு. ஒரே கனத்தில் ஒப்பிட்டால் டேக்ரானைவிடப் பலமடங்கு வலு. வில் நாணுக்கு இவை வந்தது 1980களின் நடுவில். உங்கள் வில்லைச் செய்தவர் மனதில் இப்படி ஒரு நாண் இருந்திருக்கவே முடியாது. அவர் டேக்ரானுக்காகத்தான் நுனிகளைச் செதுக்கியிருக்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ‘நீளாத நாண் பழைய வில்லை உடைக்கும்’ என்று எல்லோரும் சொல்வது பாதிதான் சரி. டேக்ரான் வருவதற்கு முன்பு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வில்லாளர்கள் பயன்படுத்தியது லினன் நூல், அதாவது ஆளிச் செடியின் நார். அதுவும் 3 சதவீதத்துக்கு மேல் நீளாது. முழுக்க மரத்தாலான வில்கள் அதோடு தலைமுறை தலைமுறையாக ஓடியிருக்கின்றன. அப்படியானால் சிக்கல் எங்கே? நாணின் தடிமனில். லினன் நாண் தடிமனானது. வில் நுனியில் மாட்டும் வளையமான கண்ணி அகலமாக உட்காரும், பாரம் பரவும். ஃபாஸ்ட் ஃப்ளைட் நாணில் இழை குறைவு, கண்ணி மெலிசு. மெலிந்த கண்ணி கத்தி மாதிரி வேலை செய்கிறது. ஒவ்வொரு அம்புக்கும் நுனியின் வெட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் ஃபைபர் கிளாஸுக்கும் மரத்துக்கும் நடுவே புகுந்து பட்டையைப் பிரித்துவிடுகிறது. அதிர்ச்சி இரண்டாவது காரணம். வெட்டுதான் முதல் காரணம் என்பது என் அனுபவம்.

அந்த அனுபவம் எனக்கு இலவசமாக வரவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய லாங்போ (நுனி வளையாத நீள வில்) வாங்கினேன். நல்ல வில், 50 பவுண்டு, கையில் எடுத்தாலே மனது நிறையும். விற்றவர் புதிதாக மெல்லிய நாண் ஒன்றைச் சேர்த்தே கொடுத்தார். எட்டு இழை. நான் கேள்வி கேட்காமல் அப்படியே எய்துகொண்டிருந்தேன். ஏழெட்டு வாரம் கழித்து மேல் நுனியில் மயிரிழை போல ஒரு கோடு. வார்னிஷ் விரிசல் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாண் ஏற்றும்போது அந்தக் கோட்டோடு பட்டை ஒரு விரல் நீளத்துக்கு எழும்பி வந்துவிட்டது. திரும்ப ஒட்டினேன், நூல் சுற்றினேன். அதன் பிறகு அந்த வில் பழையபடி இல்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நுனியில் நாண் மாட்டும் அந்த வெட்டைத் தமிழில் குதை என்பார்கள். அழகான, கச்சிதமான சொல். பயிற்சி மைதானங்களில் ‘டிப்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உங்கள் வில்லின் குதையை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நுனியின் முன்பக்கத்தில் கூடுதலாக ஃபைபர் அல்லது மைக்கார்ட்டா (துணியைப் பிசினில் தோய்த்து இறுக்கிய கடினத் தகடு) அடுக்குகள் ஒட்டி, கருப்பு வெள்ளைக் கோடுகளாகத் தெரிகிறதா? இருந்தால் நுனி கொஞ்சம் பலமானது. வெறும் மரமும் ஒரே ஒரு கிளாஸ் அடுக்கும்தான் என்றால் பலவீனமானது. 1970களின் வில்களில் இரண்டு வகையும் உண்டு. அடுக்கு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஃபாஸ்ட் ஃப்ளைட் போடத் துணிய வேண்டாம். வில் செய்தவரே ‘இந்த நாண் போடலாம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால்தான் அது அனுமதி. புது வில்களுக்குப் பெரும்பாலும் அந்த அனுமதி உண்டு. அங்கே நானும் டி-97, 8125 மாதிரி ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை இழைகளைச் சந்தோஷமாகப் போடுவேன், கண்ணி இருக்கும் இடத்தில் மட்டும் கூடுதல் இழை சேர்த்துத் தடிமனாக்கி. உங்கள் வில் அந்த வகை இல்லை.

கடைக்காரர் சொன்ன வேகம் பொய் இல்லை. அதன் கணக்கைப் பாருங்கள். நாணின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அம்போடு சேர்ந்து ஓடுவதாக வைத்துக்கொள்ளலாம். வில்லின் இயக்கத்தை ஆராய்ந்தவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு இது. 14 இழை டேக்ரான் நாண், சுற்று நூலையும் சேர்த்தால், தோராயமாக 13 கிராம். அதில் மூன்றில் ஒன்று நான்கு கிராமுக்குச் சற்று மேல். டைனீமா நாண் அதில் பாதி எடைதான் இருக்கும். ஆக அம்பின் முதுகிலிருந்து இரண்டு கிராம் இறங்குகிறது. நீளாததால் இழப்பும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து விநாடிக்கு 5 முதல் 10 அடி கூடும். உங்கள் வில் விநாடிக்கு 160, 170 அடியில் எய்யும் வில். 20 மீட்டர் இலக்கில் அந்த வித்தியாசம் உங்கள் குறியை ஒரு கைப்பிடி உயரம்கூட மாற்றாது. அதற்காக வில்லின் நுனியைப் பணயம் வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

அம்பின் எடையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இலேசான அம்பு வில்லிடமிருந்து குறைவான சக்தியையே வாங்கிக்கொண்டு போகும். மிச்சம் வில்லுக்குள்ளேயே அடிக்கும். பழைய வில்லுக்கு ஒரு பவுண்டுக்கு 10 கிரெய்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 பவுண்டுக்கு 450 கிரெய்ன், அதாவது சுமார் 29 கிராம் அம்பு. டேக்ரான் நாணும் கனமான அம்பும் இருந்தால் அந்த வில் சத்தமில்லாமல், கையை உதறாமல் எய்யும்.

இழைக் கணக்குக்கு வருவோம். பி-50 இழை ஒன்று சுமார் 50 பவுண்டு தாங்கும். 14 இழை என்றால் 700 பவுண்டு. 45 பவுண்டு வில்லுக்கு எதற்கு 700 என்று கேட்கத் தோன்றும். பழைய லினன் காலத்து விதி, வில்லின் இழுவிசையைப்போல நான்கு மடங்காவது நாண் தாங்க வேண்டும் என்பது. அதன்படி 180 பவுண்டு போதும். ஆனால் நாண் வெறும் பாரத்தால் அறுவதில்லை. கண்ணி வளையும் இடத்திலும், அம்பு மாட்டும் இடத்திலும் தேய்ந்துதான் அறுகிறது. தேய்மானத்துக்கு இழை மிச்சம் வேண்டும். அதைவிட முக்கியமாக, மேலே சொன்ன தடிமன் வேண்டும். டேக்ரானுக்கு வழக்கமான கணக்கு 25 முதல் 35 பவுண்டு வில்லுக்கு 10 இழை, 35 முதல் 45-க்கு 12, 45 முதல் 55-க்கு 14, அதற்கு மேல் 16. நீங்கள் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். உங்கள் கை நீளமாக இருந்து 29 அங்குலம் இழுப்பீர்கள் என்றால் 45 பவுண்டு 47, 48 ஆகிவிடும். அதனால் 14. உங்கள் அம்புகளின் நாக் (நாணில் மாட்டும் பின்முனைப் பிளவு) மிகக் குறுகலாக இருந்து 14 இழை உள்ளே போகவில்லை என்றால் 12-க்கு இறங்கலாம், தவறில்லை. அதற்குக் கீழே வேண்டாம்.

நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏ.எம்.ஓ. 62 என்றால் 62 அங்குல நாண் என்று அர்த்தமில்லை. அந்தத் தரத்தின்படி வில்லின் நீளத்தைவிட நாண் 3 அங்குலம் குறைவு. நடைமுறையில் ரிகர்வுக்கு 4 அங்குலம் குறைத்தால்தான் சரியாக உட்காரும், லாங்போவுக்கு 3. ஆகவே 58. கடையில் வாங்கும்போது இன்னொன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சில பொட்டலங்களில் ‘62’ என்று அச்சிட்டிருப்பார்கள், அது ‘62 அங்குல வில்லுக்கான நாண்’ என்ற அர்த்தத்தில். வேறு சிலர் நாணின் சொந்த நீளத்தையே எழுதுவார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் வில்லில் தொங்கும் நாணோ, ஏற்றவே முடியாத நாணோதான் கிடைக்கும். பழைய நாண் கையில் இருக்கிறதே, அதை இரண்டு ஆணியில் மாட்டி இழுத்து அளந்தும் பார்க்கலாம். ஆனால் அது பல வருடம் நீண்டுபோன நாண், அந்த அளவை அப்படியே நம்ப வேண்டாம்.

சரியான நீளத்தை முடிவு செய்வது டேப்பைவிட பிரேஸ் ஹைட்தான். நாண் ஏற்றிய வில்லில், பிடியின் உட்புறக் குழிவிலிருந்து நாண் வரை உள்ள இடைவெளி அது. 62 அங்குல ரிகர்வுக்கு ஏழரை அங்குலத்தில் தொடங்கி எட்டேகால் வரை முயன்று பாருங்கள். நாணைக் கழற்றி நாலு முறுக்கு சேர்த்து மறுபடி ஏற்றினால் இடைவெளி கொஞ்சம் கூடும். ஒவ்வொரு நிலையிலும் பத்து அம்பு எய்து காதால் கேளுங்கள். ஓரிடத்தில் சத்தம் சட்டென்று அடங்கும், கைக்கு வரும் உதறல் குறையும். அதுதான் அந்த வில்லின் இடம். குறைவான இடைவெளியில் அம்பு நாணோடு அதிக நேரம் ஓடும், வேகம் சற்றே கூடும். ஆனால் நாண் மணிக்கட்டில் அடிக்கும், விடும்போது செய்யும் சின்னப் பிழைகூட அம்பில் தெரியும். ஆங்கிலேயர் இதையே கையால் அளந்தார்கள்: பிடியின் மேல் மூடிய கையை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால் விரல் நுனி நாணைத் தொட வேண்டும். அது அவர்களுடைய நேரான லாங்போவுக்கான அளவு. உங்கள் ரிகர்வுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும்.

ஃப்ளெமிஷ் என்று சொன்னேன். நாண் செய்வதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, இரு முனைகளுக்கு நடுவே ஒரே இழையைத் திரும்பத் திரும்பச் சுற்றி வளையமாக்கி, நுனிகளில் நூல் சுற்றிக் கண்ணியாக்குவது. ‘எண்ட்லெஸ் லூப்’ என்பது இது. இன்னொன்று, இழைகளை இரண்டு மூன்று புரிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கம் முறுக்கி, புரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக எதிர்ப்பக்கம் திரிப்பது. நம் ஊரில் கயிறு திரிக்கிறவர்கள் செய்வதும் இதே வேலைதான். கண்ணியைத் திருப்பி மீண்டும் உடம்புக்குள் செலுத்தித் திரிப்பது மட்டும் கூடுதல். இழை நுனிகளைப் படிப்படியாக நீளம் குறைத்து வெட்டியிருப்பார்கள், அதனால் கண்ணிக்குக் கீழே நாண் மெல்ல மெல்ல மெலியும். கண்ணியில் இழைகள் இரட்டிப்பாவதால் அந்த இடம் தடிமனாக இருக்கும். உங்கள் குதைக்கு வேண்டியது அதுதான். முறுக்கைக் கூட்டிக் குறைத்து நீளத்தை ஓர் அங்குலம் வரை மாற்றிக்கொள்ளவும் முடியும். வளைய முறை நாண் அளவில் துல்லியமானது, போட்டி வில்லாளர்களுக்கு அது பொருத்தம்.

அம்பு மாட்டும் நடுப்பகுதியில் தனி நூலால் சுற்றியிருப்பார்கள், சர்விங் என்பது அது. இதன் தடிமன் அம்பின் நாக்குக்குப் பொருந்த வேண்டும். நாணேற்றிய வில்லைத் தரைக்கு இணையாகப் பிடித்து, அம்பைக் கீழ்நோக்கித் தொங்க விடுங்கள். தானாக விழக் கூடாது. நாணை விரலால் ஒரு தட்டு தட்டினால் விழ வேண்டும். இறுக்கமாக இருந்தால் அம்பு நாணை விட்டுப் பிரியும்போது ஆடும். தளர்வாக இருந்தால் ஆபத்து. இழுக்கும்போது நாக் நழுவி, நீங்கள் வெறும் நாணை விட்டுவிடுவீர்கள்.

சணலுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சணல் என்று நாம் இரண்டு மூன்று பொருளைச் சேர்த்துச் சொல்கிறோம். கடையில் சணல் கயிறு, சணல் நூல் என்று விற்பது பெரும்பாலும் சாக்கு நெய்கிற நார். அது வில்லுக்கு ஆகாது. வளைத்தால் முறியும், ஈரத்தில் அழுகும். தென்னை நார் இழுத்த இழுப்புக்கு நீளும். நைலான் கயிறு, மீன்பிடி நரம்பு இரண்டும் அதைவிட மோசம். ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கும், பிரேஸ் ஹைட் ஒரு நாளும் நிலைக்காது. உலகத்தில் நாணுக்கென்று பெயர் வாங்கிய தாவர நார்கள் ஆளி, ஹெம்ப் என்ற கஞ்சாச் செடியின் நார், நெட்டில் என்கிற செந்தட்டி வகைச் செடிகளின் நார் ஆகியவை. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய வில்லாளர்கள் பெல்ஜியத்திலிருந்து வந்த ஹெம்ப் நாண்களைத் தேடி வாங்கினார்கள். ஜப்பானின் பாரம்பரிய வில்வித்தையான கியூடோவில் மூங்கில் வில்லுக்கு ஹெம்ப் நாண் போடுகிறவர்கள் இன்றும் உண்டு. பைன் பிசினை எண்ணெயோடு காய்ச்சி நாணில் பூசி, பழைய நாணில் பின்னிய சின்ன மெத்தையால் சூடு ஏறத் தேய்ப்பார்கள். ஹெம்ப் நாண் சீக்கிரம் அறும். அது தெரிந்தேதான் போடுகிறார்கள். மூங்கில் வில்லுக்கு அது இதமானது என்பது அவர்கள் கருத்து.

நம் பக்கத்திலும் நல்ல நார்கள் இருந்திருக்கின்றன. மருள் என்றொரு செடி. வறண்ட காட்டு ஓரங்களில் கத்தி போன்ற இலைகளோடு நிற்கும், வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் பாம்புச் செடியின் சொந்தம். ஆங்கிலத்தில் அதன் பெயரே ‘வில்நாண் சணல்’ என்றுதான் பொருள்படும். இலையைச் சுரண்டி எடுக்கும் நார் வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். வங்காளத்துக்கு அருகே ராஜ்மகால் மலைமக்கள் வேறொரு கொடியின் பட்டை நாரில் நாண் திரித்ததைத் தாவரவியலாளர் ராக்ஸ்பரோ பதிவு செய்திருக்கிறார். பட்டுப்போல மின்னும், அதே சமயம் மிகவும் உறுதியான நார் என்று. மத்திய இந்தியாவின் பழங்குடிகளிடம் நாருக்கே வேலை இல்லை. மூங்கிலை நீளமாகப் பிளந்து, சீவி, ஒரே பட்டையாக நாண் ஆக்கி, இரு முனையிலும் நாரால் கண்ணி கட்டிவிடுகிறார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அசையாத நாண் அது.

விலங்குப் பொருள்களும் உண்டு. துருக்கியர்கள் பட்டு நூல் கட்டை நடுநாணாக்கி, இரு முனைகளில் தனியாகச் செய்த கண்ணிகளை முடிச்சிட்டார்கள். ஆல்ப்ஸ் மலையில் 1991-இல் பனிக்குள் கிடைத்த 5,000 வருடத்துக்கு முந்தைய மனிதன், எட்ஸி, ஞாபகம் இருக்கிறதா? அவனுடைய வில் 1.82 மீட்டர், முழுதாகச் செதுக்கி முடிக்காதது. அம்பறாத்தூணிக்குள் சுருட்டி வைத்திருந்த இரண்டு மீட்டர் கயிறு விலங்கின் தசைநாரில் திரித்தது என்று பின்னாளில் தெரியவந்தது. வில்லுக்கான நாணாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்படியானால் நமக்குக் கிடைத்ததில் மிகப் பழைய நாண் அதுவாகவே இருக்கும். வில் முடியும் முன்பே நாணைத் திரித்துப் பத்திரப்படுத்தியிருக்கிறான் என்பது எனக்கு ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் வியப்பு.

இங்கிலாந்தின் மேரி ரோஸ் போர்க்கப்பல் 1545-இல் மூழ்கியது, 1982-இல் மேலே எடுத்தார்கள். 172 வில்களும் மூவாயிரத்துக்கு மேல் அம்புகளும் கிடைத்தன. அந்த அம்புகளின் நாக் வெட்டு சுமார் 3 மில்லிமீட்டர்தான். வில்களோ 100 பவுண்டுக்கு மேல் இழுவிசை கொண்டவை. மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கி அந்த வில்லைத் தாங்கும் நாணை இயற்கை நாரில் திரித்திருக்கிறார்கள் என்றால், அந்தக் கையின் தேர்ச்சி எப்படி இருந்திருக்கும். இன்று லினன் நூலை வாங்கி நாம் திரித்தால் அதே வலுவுக்கு இன்னும் தடிமனாகத்தான் வருகிறது.

ஆகவே, நீங்களே திரிக்கலாமா? திரிக்கலாம், கட்டாயம் திரியுங்கள். ஆனால் முதல் நாணை இந்த வில்லில் ஏற்ற வேண்டாம். இயற்கை நார் நாண் முன்னறிவிப்பு இல்லாமல் அறும். ஒரு மூங்கில் வில்லோ 25, 30 பவுண்டு மர வில்லோ வைத்துப் பழகுங்கள். தோல் தைக்கப் பயன்படும் முறுக்கிய லினன் நூல் வாங்குங்கள். ஒரு இழையைப் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசில் கட்டி, அறும் வரை இழுங்கள். ஐந்தாறு தடவை செய்து, கிடைத்ததில் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இழை 10 பவுண்டில் அறுகிறது என்று வைத்துக்கொண்டால், 30 பவுண்டு வில்லுக்கு நான்கு மடங்குக்கே 12 இழை. திரிக்கும்போது எல்லா இழையும் ஒரே இறுக்கத்தில் வராது என்பதால் நான் 18 போடுவேன், மூன்று புரியாக. இழைகளில் தேன்மெழுகு தாராளமாக ஏற்றிய பிறகே முறுக்குங்கள். ஒரு முனையில் மட்டும் கண்ணி திரித்து, மறுமுனையைக் கீழ்க் குதையில் சுற்றி தன் மேலேயே மூன்று நான்கு தடவை வளைத்துக் கட்டிவிட்டால் போதும். நாண் நீள நீள அந்த முடிச்சை நகர்த்திக்கொள்ளலாம்.

லினனில் தொடங்க மனமில்லை என்றால் பாலியெஸ்டர் தோல்தையல் நூலில் தொடங்கலாம். டேக்ரானும் அதுவும் ஒரே பொருள்தான். அதே தராசுச் சோதனையைச் செய்து இழையைக் கணக்கிடுங்கள்.

புது டேக்ரான் நாண் வந்ததும் உடனே குறி பார்த்து எய்ய உட்கார வேண்டாம். ஸ்ட்ரிங்கர் கயிறு (இரு நுனியிலும் மாட்டி, காலால் மிதித்து வில்லை வளைக்க உதவுவது) வைத்து ஏற்றுங்கள். காலுக்கு நடுவே விட்டு வளைக்கும் பழைய வழியில் ரிகர்வ் லிம்ப் முறுக்கிக்கொள்ளும், பழைய வில்களில் பாதி அப்படித்தான் கெட்டுப்போனவை. ஏற்றி ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் பிரேஸ் ஹைட் அரை அங்குலமாவது இறங்கியிருக்கும். முறுக்குக் கூட்டுங்கள். ஐம்பது, நூறு அம்பு வரை இது தொடரும், பிறகு நின்றுவிடும். நாண் நின்ற பிறகுதான் நாக் வைக்கும் இடத்தைக் குறிக்க வேண்டும்; அம்பு நாணுக்குச் செங்குத்தாக இருக்கும் இடத்திலிருந்து அரை அங்குலம் மேலே தொடங்கிப் பாருங்கள்.

மெழுகு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சர்விங் இல்லாத இடங்களில். விரலாலோ தோல் துண்டாலோ தேய்த்து இழைகளுக்குள் இறக்குங்கள். இழை மேல் பஞ்சு எழும்பினால் மெழுகு போதவில்லை என்று பொருள். ஒரே ஓர் இழை அறுந்தாலும் நாணை மாற்றிவிடுங்கள், ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டாம். ஒரே அளவில் இரண்டு நாண் செய்து, இரண்டையும் பழக்கி, ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

இன்னும் ஒன்று. நாண் வருவதற்கு முன்பே குதைகளைப் பஞ்சால் துடையுங்கள். எங்காவது பஞ்சு மாட்டி இழுத்தால் அங்கே கூர்முனை இருக்கிறது. மிக மெல்லிய உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி அந்த ஓரத்தை மட்டும் மழுங்க விடுங்கள். உங்கள் பழைய நாணில் அறுந்த இரண்டு இழையும் கண்ணிக்கு அருகில் அறுந்திருந்தால் காரணம் அந்த ஓரமாகத்தான் இருக்கும். அதைச் சரி செய்யாமல் போட்டால் புது நாணும் அதே இடத்தில் அறும்.